சத்தம் போட்டுப் படித்தால் சோஷியல் வருமா?
வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். கணக்கைப் பற்றித்தான் கொட்டும் என்று நினைத்தேன், பார்த்தால் பாதிக்கு மேல் சமூக அறிவியல். இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் பாடம் எடுத்தவன், விடைத்தாளும் திருத்தியவன் என்பதால் ஆசிரியர் கடிதக் கட்டை அப்படியே என் தலையில் கட்டிவிட்டார்.

என் மகன் கணக்கில்கூட எழுபது வாங்குகிறான், சோஷியலில் நாற்பத்தைந்தைத் தாண்ட மாட்டேன் என்கிறது. தினமும் சாயங்காலம் தெருவுக்கே கேட்கிற மாதிரி இரண்டு மணி நேரம் சத்தம் போட்டுப் படிக்கிறான். மறுநாள் கேட்டால் முழிக்கிறான். என்ன செய்வது?
– ஒரு தாய், மன்னார்குடி

அம்மா, பையன் சோம்பேறி இல்லை, அதுவே பெரிய நிம்மதி. சிக்கல் என்னவென்றால் சோஷியல் என்பது ஒரு பாடமே கிடையாது. வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் என்று நாலு பாடத்தைச் சேர்த்துக் கட்டி ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். உங்கள் பையன் நாலையும் செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி ஒரே ராகத்தில் படிக்கிறான். வரலாற்றை அப்படி ஓரளவு ஓட்டிவிடலாம், புவியியலை முடியாது.

உங்கள் ஊரை வைத்தே சொல்கிறேன். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறப்பார்கள், அது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? குடகு மலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டுவதால். அதே ஜூன், ஜூலையில் மன்னார்குடியில் ஏன் பெரிதாக மழை இல்லை? அரபிக்கடலில் இருந்து வரும் காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்து அந்தப் பக்கமே மழையாக்கிவிடுகிறது, நாம் மழை மறைவுப் பகுதியில் நிற்கிறோம். அதே பருவக்காற்றின் வங்காள விரிகுடாக் கிளையோ நம் கரைக்கு இணையாகவே வடக்கே போய்விடுகிறது. ஐப்பசியில் காற்று திரும்பி வடகிழக்கிலிருந்து வரும்போது வங்கக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது, அப்போது நமக்கு அடைமழை. இதைப் பையனிடம் ஒரு தடவை மேப்பை விரித்து வைத்துப் பேசிவிட்டால், கோரமண்டல் கடற்கரை ஏன் குளிர்காலத்தில் மழை பெறுகிறது என்று எப்படிச் சுற்றி வளைத்துக் கேட்டாலும் எழுதிவிடுவான்.

குடிமையியலுக்கு வேறு வழி. யார் யாரை நியமிக்கிறார், யார் யாரைத் தேர்ந்தெடுக்கிறார், எத்தனை வயது, எத்தனை வருஷம் என்பதைக் குடும்ப மரம் மாதிரி ஒரே தாளில் வரைந்து சுவரில் ஒட்டட்டும். மக்களவைக்கு 25, மாநிலங்களவைக்கு 30, குடியரசுத் தலைவருக்கு 35 என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதினால்தான் மனதில் நிற்கும், மூன்று வேறு பக்கத்தில் படித்தால் குழம்பும். பொருளியலுக்கு மளிகைக்கடை ரசீதை எடுங்கள். சிஜிஎஸ்டி (மத்திய அரசுக்கு), எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசுக்கு) என்று சரிபாதியாகப் பிரித்துப் போட்டிருக்கும், அது மறைமுக வரி. அப்பா கட்டும் வருமான வரி நேர்முக வரி. வேலை முடிந்தது.

வருஷங்கள் எல்லாம் தலைக்குள் கலந்து போகின்றன சார். 1905, 1907, 1908, 1911 எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. காலக்கோடு என்றாலே பயம்.
– பத்தாம் வகுப்பு மாணவி, தூத்துக்குடி

தூத்துக்குடியில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா! நீ சொன்ன வருஷம் எல்லாம் உன் ஊர்க் கதைம்மா. 1905-இல் வைஸ்ராய் கர்சன் வங்காளத்தைப் பிரித்தார், அந்தக் கோபத்தில் சுதேசி இயக்கம் கிளம்பியது. அந்தச் சூட்டில் 1906-இல் வ.உ.சி. உன் ஊரில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். 1907-இல் சூரத்தில் காங்கிரஸ் மிதவாதி, தீவிரவாதி என்று உடைந்தது, வ.உ.சி. தீவிரவாதிகளின் தலைவர் திலகர் பக்கம். 1908-இல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தம், பிறகு வ.உ.சி. கைது, திருநெல்வேலியில் கலவரம். அந்த நேரத்தில் அடக்குமுறைக்குப் பேர் போன கலெக்டர் ஆஷ் துரையை 1911 ஜூன் 17-இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் சுட்டார். அதே 1911 டிசம்பரில் டெல்லி தர்பாரில் வங்கப் பிரிவினை ரத்து. ஆரம்பித்த இடத்திலேயே கதை முடிகிறது பார், இனி கலக்குமா?

ஒற்றை வருஷத்தைத் தனியாகப் படிக்காதே, முன்னாலும் பின்னாலும் ஒன்றைச் சேர்த்துக்கொள். தேதிகளிலும் இப்படி ஒட்டிக்கொள்ளும் இடங்கள் உண்டு. முதல் உலகப் போரைக் கிளப்பிவிட்ட மாதிரி சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் கொல்லப்பட்டது 1914 ஜூன் 28, அந்தப் போருக்குப் பின் வெர்சேல்ஸ் உடன்படிக்கை கையெழுத்தானது 1919 ஜூன் 28, சரியாக ஐந்து வருஷம். ஜாலியன்வாலா பாக் படுகொலை 1919 ஏப்ரல் 13, ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கக் கிளம்பியது 1930 ஏப்ரல் 13. அந்த நினைவு நாளிலேயே கிளம்பினார்கள் என்று சேர்த்து வைத்துக்கொள்.

மேப் கேள்வியில் முழு மார்க் வாங்குவது எப்படி?
– மாணவன், ஓசூர்

வாங்கிய அவுட்லைன் மேப்பைப் பையிலேயே பத்திரமாக வைத்திருக்காதே, அதுதான் முதல் வழி. தினம் ஒரு தாள், பத்து நிமிடம், புத்தகத்தை மூடிவிட்டு. பிள்ளைகள் அதிகம் மாற்றிப் போடும் இடம் நடு இந்தியா. வடக்கிலிருந்து தெற்கே விந்தியா, நர்மதை, சாத்பூரா, தபதி என்று மலையும் ஆறும் மாறி மாறி வரும், இந்த நாலை வரிசையாகச் சொல்லிப் பழகினால் தீர்ந்தது. அடுத்தது பாக் நீர்ச்சந்தியும் மன்னார் வளைகுடாவும். ராமேஸ்வரத்துக்கு வடக்கே பாக், தெற்கே மன்னார். கடக ரேகையை குஜராத்திலிருந்து மிசோரம் வரை எட்டு மாநிலம் வழியாகக் கொண்டுபோக வேண்டும், சிலர் அதைச் சென்னைப் பக்கம் இறக்கிவிடுகிறார்கள், நான் திருத்தும்போது சிரித்திருக்கிறேன்.

பேர் எழுதினால் போதாது, புள்ளியோ கோடோ நிழலோ போட வேண்டும். மண் வகை, பயிர் விளையும் பகுதி என்றால் பகுதியைத் தீட்டு, ஒற்றைப் புள்ளி வைக்காதே.

கைடு மட்டும் படித்தால் போதுமா?
– மாணவன், ஆற்காடு

போதாது. பாடநூலின் பின்பக்கக் கேள்விகளுக்குப் பதில் பார்க்கக் கைடு உதவும், சரி. ஆனால் ஒரு மார்க் கேள்வி பாடத்துக்கு நடுவில், பெட்டிச் செய்திக்குள்ளிருந்தும் வரும். புத்தகத்தை ஒரு முறையாவது முதல் பக்கத்திலிருந்து கதைப் புத்தகம் மாதிரி படித்துவிடு.

அரையாண்டுத் தேர்வில் நேரம் போதவில்லை. தெரிந்த எட்டு மார்க் கேள்வியை எழுத முடியாமல் பேப்பரைப் பிடுங்கிவிட்டார்கள். அழுகையே வந்துவிட்டது.
– மாணவி, பெரம்பலூர்

அழுதது அரையாண்டிலேயே போகட்டும். கணக்குப் போடுவோம். ஒரு மார்க் 14, இரண்டு மார்க் 10, ஐந்து மார்க் 10, எட்டு மார்க் 2, ஆக 100. எழுத 180 நிமிடம். வினாத்தாள் படிக்கவும் விவரம் நிரப்பவும் தரும் 15 நிமிடம் தனி, அதிலேயே எந்தக் கேள்வியை விடப்போகிறாய் என்று முடிவு செய்துவிடு. இரண்டு மார்க்கிலும் ஐந்து மார்க்கிலும் பதினாலு கொடுத்துப் பத்து எழுதச் சொல்வார்கள், கட்டாயக் கேள்வி ஒன்று அதற்குள் இருக்கும், அதைத் தவறவிட்டுப் பதினொன்றாவதை எழுதிவிட்டு வந்த பிள்ளைகள் உண்டு. அப்புறம் ஒரு மார்க்குக்கு 15 நிமிடம், இரண்டு மார்க் எல்லாம் சேர்த்து 35, ஐந்து மார்க் ஒன்றுக்கு 8 வீதம் 80, எட்டு மார்க் இரண்டுக்கும் 30. கூட்டினால் 160. மிச்சம் இருபது நிமிடம் மேப்பைச் சரிபார்க்கவும் கூடுதல் தாள் கட்டவும்.

உன் வயதுப் பிள்ளைகளுக்கு நேரம் எங்கே போகிறது தெரியுமா? இரண்டு மார்க்கில். இரண்டு கருத்து கேட்டால் தெரிந்தது எல்லாவற்றையும் முக்கால் பக்கம் எழுதுகிறீர்கள். அதற்கும் இரண்டு மார்க்தான் போட முடியும், எவ்வளவு ஆசைப்பட்டாலும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய வினாத்தாளை எடுத்து, கடிகாரத்தை எதிரில் வைத்து, முழுசாக எழுதிப் பார். கை வலிக்கும், வலிக்கட்டும்.

என் மகள் 92, 93 வாங்குகிறாள். சென்டம் வாங்க வைக்கலாமா? கலர் பேனாவில் தலைப்பு எழுதினால் நல்லதா?
– ஒரு தந்தை, நாமக்கல்

கலர் பேனாவைக் கொடுத்து அனுப்பாதீர்கள். நீலம் அல்லது கருப்பு மை மட்டும், எழுதவும் சரி அடிக்கோடு போடவும் சரி, என்று வினாத்தாளிலேயே அச்சடித்திருக்கும்.

அந்த ஏழெட்டு மார்க் போகும் இடம் எனக்குத் தெரிந்தவரை மூன்று. ஒரு மார்க்கில் ‘ஆ’ என்று குறியீட்டை மட்டும் எழுதிவிட்டு விடையை விடுவது. வேறுபடுத்துக என்றால் இடது பக்கம் ஒன்றைப் பற்றியும் வலது பக்கம் சம்பந்தமே இல்லாத இன்னொன்றைப் பற்றியும் எழுதுவது; இமயமலை ஆறு வற்றாதது என்றால் எதிரில் தீபகற்ப ஆறு பருவத்தில் மட்டும் ஓடும் என்றுதான் வர வேண்டும், அதன் நீளம் வரக்கூடாது. மூன்றாவது, பத்தி பத்தியாக எழுதிக் கருத்தைத் திருத்துபவர் தேடும்படி வைப்பது. தலைப்பு, அதன் கீழே தனித்தனிக் கருத்து, அவ்வளவுதான். மற்றபடி 93 வாங்கும் பிள்ளையைப் போட்டு நசுக்காதீர்கள் ஐயா, நூறு வராவிட்டால் குடி முழுகிப் போகாது.

திருப்புதல் தேர்வில் 22 மார்க். பாஸ் ஆவேனா?
– பெயர் வேண்டாம், கடலூர்

ஆகலாம். 35 வேண்டும், இன்னும் 13 தான். எட்டாம் நம்பர் பாடத்தை முழுசாக முடிக்கிறேன் என்று உட்காராதே. முதலில் இரண்டு மேப்பும். அடுத்து எல்லாப் பாடத்தின் பின்னால் இருக்கும் ஒரு மார்க், கோடிட்ட இடம், பொருத்துக. இதைக் காலையில் ஒரு பாடம், ராத்திரி ஒரு பாடம் என்று எழுதி எழுதிப் பார்த்தால் இரண்டு வாரத்தில் ஒரு சுற்று வந்துவிடும். அப்புறம் குடிமையியலும் பொருளியலும், பாடங்கள் கொஞ்சம்தான், கேள்வியும் பெரும்பாலும் நேராக இருக்கும். பெரிய வரலாற்றுக் கேள்வி ஒன்றிரண்டு போதும், அதையும் உனக்குப் பிடித்ததாக எடு, கட்டபொம்மனோ வேலூர்ப் புரட்சியோ. இதுதான் வரும் என்று யாராவது பத்துக் கேள்வி எழுதிய தாளை விற்றால் வாங்காதே, அந்தக் காசுக்கு நாலு அவுட்லைன் மேப் வாங்கு.