ஒரு ஃபைனல், மூன்று தேதிகள்: ஐபிஎல் 2023 கேள்வி பதில்

ஞாயிற்றுக்கிழமைகளில் டிவிஷன் லீக் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதுவது என் வழக்கம். வீட்டில் இதை வியாதி என்கிறார்கள். டிவியில் ஆட்டம் பார்த்தாலும் மடியில் நோட்டு இருக்கும். அந்த நோட்டை நம்பித்தான் 2023 சீசன் பற்றிக் கேட்கச் சொன்னேன். வந்த கேள்விகளில் முக்கால்வாசி சிக்ஸரைப் பற்றியவை அல்ல, விதியைப் பற்றியவை. அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அந்த சீசனின் பல திருப்பங்களுக்குக் காரணம் மட்டை இல்லை, யாரும் படிக்காத சின்ன எழுத்துதான்.

சேலத்திலிருந்து ஒருவர்: ஃபைனலில் குஜராத் 20 ஓவரில் 214 அடித்தது. மழை வந்ததும் சென்னைக்கு 15 ஓவர்தான் என்றார்கள். முக்கால் பங்கு கணக்குப் போட்டால் 161 வருகிறது. 171 எப்படி வந்தது? பத்து ரன் யார் வீட்டுப் பணம்?

கோபம் புரிகிறது, ஆனால் கணக்கு நியாயம்தான். துரத்தும் அணியின் கையில் ஓவர், விக்கெட் என்று இரண்டு சொத்து இருக்கிறது. மழை ஐந்து ஓவரைப் பிடுங்கிக்கொண்டது. விக்கெட்டைத் தொடவில்லை. பத்து விக்கெட்டையும் இருபது ஓவருக்கு இழுத்துப் பிடித்துச் செலவழிக்க வேண்டியவர்கள், இப்போது பதினைந்து ஓவருக்குள் தாராளமாகச் செலவழிக்கலாம். மாதம் முழுக்க ஓட்ட வேண்டிய சம்பளத்தை இருபத்திரண்டாம் தேதிக்குள் தீர்த்துவிடலாம் என்றால் ஒரு நாளைக்குக் கொஞ்சம் கூடவே செலவு செய்வோம் இல்லையா? அந்தக் கூடுதலைத்தான், மழையால் ஓவர் குறைந்தால் இலக்கைத் திருத்தும் டக்வொர்த் லூயிஸ் ஸ்டெர்ன் முறை பத்து ரன்னாக ஏற்றியது.

அதோடு இன்னொன்று. ஓவர் குறைந்ததால் பவர்பிளே, அதாவது வட்டத்துக்கு வெளியே இரண்டே ஃபீல்டர்கள் நிற்கும் ஆரம்ப ஓவர்கள், ஆறிலிருந்து நான்கு ஓவராகச் சுருங்கியது. ஒரு பந்துவீச்சாளருக்கு அதிகபட்சம் மூன்று ஓவர் என்றானது. இந்தச் சுருக்கம் பத்து ரன்னைவிடப் பெரிய விஷயம் என்பேன். சென்னையின் ஓப்பனர்கள் கெய்க்வாடும் கான்வேயும் அந்த நான்கு ஓவரில் 52 அடித்துவிட்டார்கள். குஜராத்தின் ரஷித் கான் மூன்று ஓவரில் 44 கொடுத்தார். ஆனால் நூர் அகமது மூன்று ஓவரில் 17 மட்டும் கொடுத்து, இரண்டு ஓப்பனர்களையும் ஒரே ஓவரில் வெளியே அனுப்பினார். அவருக்கு நான்காவது ஓவர் கிடைத்திருந்தால்? விடுங்கள், சென்னைக்காரர்கள் அடிக்க வருவார்கள்.

மழை வந்தபோது சென்னை மூன்றே பந்து ஆடி நான்கு ரன் எடுத்திருந்தது. மழை சீக்கிரம் நின்றுவிட்டது. தாமதத்துக்குக் காரணம், ஓரத்தில் இருந்த பயிற்சி பிட்ச் ஊறிப்போனதுதான். லட்சம் பேர் உட்காரும் மைதானத்தில், ஆட்கள் மண்டியிட்டு ஸ்பாஞ்சை ஒற்றி ஒற்றி வாளியில் பிழிந்துகொண்டிருந்ததை நேரலையில் பார்த்தோம். நம்ம ஊர் மைதானத்தில் கோணிப்பை போடுவோம், அவர்கள் ஸ்பாஞ்ச் போட்டார்கள். மற்றபடி வித்தியாசம் இல்லை. மறுபடி ஆட்டம் தொடங்கியபோது மணி 12:10.

அதே கேள்விக்கு வால்: ஆட்டமே நடக்காமல் போயிருந்தால் கோப்பையைப் பாதிப் பாதியாகப் பிரித்திருப்பார்களா?

இல்லை. புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்த அணிக்கே கோப்பை. குஜராத் 20 புள்ளி, சென்னை 17. அன்று ராத்திரி மைதானத்தைக் காய வைக்கச் சென்னை ரசிகன்தான் அதிகமாக வேண்டிக்கொண்டிருப்பான்.

கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: அண்ணா, நெட் ரன் ரேட் எனக்குப் புரிந்ததே இல்லை. ஆல் அவுட் ஆனால் மட்டும் ஏன் வேறு கணக்கு?

வாம்மா, புள்ளி சமமானால் யார் மேலே என்று தீர்மானிக்கும் எண்தான் அது. இதற்கு நல்ல உதாரணம் அந்த சீசனிலேயே இருக்கிறது. மே 14, ஜெய்ப்பூர். பெங்களூரு 171 அடித்தது. ராஜஸ்தான் 10.3 ஓவரில் 59-க்கு ஆல் அவுட்.

பெங்களூருவின் வேகம் 171-ஐ 20-ஆல் வகுத்தால் ஓவருக்கு 8.55. ராஜஸ்தானின் 59-ஐ அவர்கள் ஆடிய பத்தரை ஓவரால் வகுத்தால் 5.62 வரும். பார்க்கக் கௌரவமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் ஆல் அவுட் ஆனால் முழு 20 ஓவரும் ஆடியதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அப்போது 2.95. மீதி ஓவரை ஆட முடியாமல் போனது அவர்கள் தப்பு, அந்தத் தப்புக்குச் சலுகை கிடையாது என்பதுதான் விதியின் பொருள். அந்த ஒரு ஆட்டத்தில் வித்தியாசம் 5.60. சீசன் முழுக்க அடித்ததையும் கொடுத்ததையும் இப்படித் தனித்தனியாகக் கூட்டி, வகுத்து, கழித்தால் பட்டியலில் இருக்கும் எண் வந்துவிடும். முடிவில்லாமல் போன ஆட்டம் இந்தக் கணக்கில் சேராது.

இதனால் யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால், பலரும் நான்காவது இடத்தைச் சொல்வார்கள். அங்கே ரன் ரேட்டுக்கு வேலையே வரவில்லை. மும்பை -0.044 என்ற மைனஸ் கணக்கோடு, 16 புள்ளியில் உள்ளே போனது. 14 புள்ளியோடு நின்ற ராஜஸ்தானும் பெங்களூருவும் பிளஸ்ஸில் இருந்தும் வெளியே. நெட் ரன் ரேட் உண்மையில் வேலை செய்தது இரண்டாவது இடத்தில்தான். லக்னோ அணியும் சென்னையும் லக்னோவில் மோதிய ஆட்டத்தை மழை கொண்டுபோய் ஆளுக்கு ஒரு புள்ளி கொடுத்தது. கடைசியில் சென்னையும் லக்னோவும் 17-இல் சமம். சென்னை +0.652, லக்னோ +0.284. இரண்டாவது இடம் என்றால் குவாலிஃபயரில் தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு. மூன்றாவது இடம் என்றால் எலிமினேட்டர், தோற்றால் வீட்டுக்கு. லக்னோ அந்த எலிமினேட்டரில் சேப்பாக்கத்தில் மும்பையிடம் மாட்டியது. ஆகாஷ் மத்வால் ஐந்து ரன் கொடுத்து ஐந்து விக்கெட் எடுத்தார்.

மயிலாடுதுறையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: பதினொரு பேர் ஆடுவதுதானே கிரிக்கெட்? இந்த இம்பாக்ட் பிளேயர் எதற்கு ஐயா?

ஐயா, நானும் உங்கள் கட்சிதான். ஆனாலும் விதியைச் சொல்லிவிடுகிறேன். டாஸ் முடிந்த பிறகு பதினொரு பேரோடு ஐந்து மாற்று ஆட்களின் பெயரையும் கொடுக்க வேண்டும். அந்த ஐந்து பேரில் ஒருவரை ஒரு முறை உள்ளே கொண்டுவரலாம். வெளியே போனவர் திரும்பி வர முடியாது. பதினொரு பேரில் ஏற்கெனவே நான்கு வெளிநாட்டுக்காரர்கள் இருந்தால், மாற்று ஆள் இந்தியராகத்தான் இருக்க வேண்டும். 2023-இல்தான் இது ஐபிஎல்லுக்கு வந்தது. முதல் ஆட்டத்தில் ராயுடுவுக்குப் பதில் வந்த துஷார் தேஷ்பாண்டேதான் முதல் இம்பாக்ட் பிளேயர். பாவம், அன்று செமத்தியாக வாங்கினார். ஆனால் சீசன் முடிவில் 21 விக்கெட்.

ஃபைனலையே எடுங்கள். சென்னையில் கான்வே, மொயின் அலி, தீக்ஷன, பத்திரன என்று நான்கு வெளிநாட்டுக்காரர்கள். பத்திரன பந்து வீசி முடித்ததும் வெளியே, துபே உள்ளே. குஜராத்தில் மூன்றே வெளிநாட்டுக்காரர்கள் என்பதால் சாய் சுதர்சனை அனுப்பிவிட்டு ஜோஷ் லிட்டிலைக் கொண்டுவர முடிந்தது. துபே 21 பந்தில் 32 அடித்து கடைசி வரை நின்றார். லிட்டில் இரண்டு ஓவரில் 30 கொடுத்தார்.

என் குறை வேறு. எட்டாவது இடத்தில் இறங்கி நாலு ஓவரும் போடும் ஆளுக்கு இதில் வேலை குறைகிறது. முழு பேட்ஸ்மேன், முழு பௌலர் என்று எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்றால் பாதி அது, பாதி இது செய்பவனை யார் தேடுவார்கள்? பின்னால் ஆள் இருக்கிறது என்ற தைரியத்தில் மேலே இருப்பவர்களும் முதல் பந்திலிருந்தே சுற்றுகிறார்கள். முந்தின வருடம் 18 முறை அடிக்கப்பட்ட 200-க்கு மேற்பட்ட ஸ்கோர், 2023-இல் 37 முறை.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்: அண்ணை, குஜராத்தோட நடந்த முதல் குவாலிஃபயரில எங்கட பத்திரனவைப் பந்து போட விடாமல் அம்பயர் மறிச்சவர். தோனி கதைச்சுக் கதைச்சே நேரத்தைக் கடத்தினது சரியோ?

சேப்பாக்கம், மே 23, 16-வது ஓவர். பத்திரன சிறிது நேரம் மைதானத்தை விட்டு வெளியே போய்த் திரும்பியிருந்தார். எட்டு நிமிடத்துக்கு மேல் வெளியே இருந்தால், எவ்வளவு நேரம் வெளியே இருந்தாரோ அவ்வளவு நேரம் உள்ளே நின்ற பிறகே பந்து வீசலாம். அவருக்கு இன்னும் சுமார் நான்கு நிமிடம் பாக்கி. வேறு யாரையாவது போடச் சொல்லியிருக்கலாம். தோனி அதைச் செய்யாமல் அம்பயர்களைச் சுற்றி நின்று பேச ஆரம்பித்தார். மற்றவர்களும் கூடிவிட்டார்கள். பேச்சு முடிந்தபோது பாக்கியும் தீர்ந்திருந்தது. பத்திரனவே வீசினார்.

சரியா என்றால், விதிப்படி அவர் ஒன்றையும் மீறவில்லை. நேரம் கடந்தால் ஓவர் ரேட் தண்டனை அவர் தலையில்தான் விழும். அதைத் தெரிந்தே எடுத்த பேரம். அம்பயர்கள் 'ஆட்டத்தைத் தொடங்குங்கள்' என்று அதட்டியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. எங்கள் லீக்கில் ஒரு கேப்டன் இப்படி ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே மூன்று நிமிடம் ஓட்டினார். அம்பயர் குனிந்து, தானே முடிச்சுப் போட்டுவிட்டார்.

சென்னை, ஐ.டி. ஊழியர்: ஸ்டோக்ஸுக்கு 16.25 கோடி கொடுத்தது தண்டம்தானே?

இரண்டு ஆட்டம், மொத்தம் 15 ரன், ஒரே ஒரு ஓவர், அதில் 18 ரன். ஒரு ரன் ஒரு கோடிக்கு மேல். தங்கம்கூட இந்த விலை இல்லை. ஆனால் காயத்தை ஏலத்தில் யார் கணிப்பது? அதே கொச்சி ஏலத்தில் ரஹானேவை அடிப்படை விலையான 50 லட்சத்துக்கு எடுத்தார்கள், அதையும் எழுதிவையுங்கள். வான்கடேயில் 27 பந்தில் 61, ஈடன் கார்டனில் 29 பந்தில் 71 நாட் அவுட். டெஸ்ட் ஆட்டக்காரர் என்று முத்திரை குத்தப்பட்டவர், 172 ஸ்ட்ரைக் ரேட்டில் 326 ரன் எடுத்தார். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் மனசு ஆறும்.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு தம்பி: டிஎன்பிஎல் ஆடினால் ஐபிஎல் கிடைக்குமா அண்ணா?

டிஎன்பிஎல், அதாவது நம்ம தமிழ்நாடு பிரீமியர் லீக், ஆடினால் கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன் தம்பி. ஆனால் சாய் சுதர்சன் கதையைக் கேள். குஜராத் அவரை எடுத்தது 20 லட்சத்துக்கு. 2023 பிப்ரவரியில் டிஎன்பிஎல் முதன்முறை ஏலம் நடத்தியபோது கோவை அணி அவருக்குக் கொடுத்தது 21.6 லட்சம். ஊர் லீக்கில் வாங்கும் விலை ஐபிஎல் விலையைத் தாண்டியது. மூன்று மாதம் கழித்து ஐபிஎல் ஃபைனலில் 47 பந்தில் 96. மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு பார்த்த எத்தனையோ பேர் 'நம்ம பையன்தான், இருந்தாலும் அவுட் ஆகேன்டா' என்று இரண்டு மனசோடு உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டிலும் அதே நிலைதான்.

மதுரையிலிருந்து ஒரு அக்கா: ரிங்கு சிங் கடைசி ஓவரில் ஐந்து சிக்ஸ் அடித்தாரே, அந்தப் பந்து போட்ட பையன் என்ன ஆனான்?

அக்கா, எல்லோரும் அடித்தவரைக் கேட்கிறார்கள், நீங்கள்தான் வாங்கியவரைக் கேட்டீர்கள். ஏப்ரல் 9, அகமதாபாத். கொல்கத்தாவுக்குக் கடைசி ஓவரில் 29 வேண்டும். முதல் பந்தில் உமேஷ் ஒரு ரன், அப்புறம் ரிங்கு வரிசையாக ஐந்து. யஷ் தயாள் அன்று நான்கு ஓவரில் 69 கொடுத்தார். அடுத்த ஆட்டத்தில் அவர் இல்லை. அவர் இல்லாத அந்த ஆட்டத்தில் குஜராத் இறக்கியது மோஹித் சர்மாவை. முந்தின வருடம் அதே அணியில் வலைப்பயிற்சிக்குப் பந்து போட்டுக்கொண்டிருந்தவர். சீசன் முடியும்போது 27 விக்கெட். இரண்டாவது குவாலிஃபயரில் மும்பைக்கு எதிராக பத்து ரன்னுக்கு ஐந்து.

ஃபைனலின் கடைசி ஓவரும் அவர் கைக்குத்தான் வந்தது. 13 ரன்னைக் காக்க வேண்டும். முதல் நான்கு பந்தும் கால் நகத்தைக் குறிபார்த்த யார்க்கர், மூன்றே ரன். அப்போது குஜராத் கேப்டன் பாண்டியா வந்து பேசினார். பேசாமல் இருந்திருக்கலாம் என்பவர்களில் நானும் ஒருவன். ஐந்தாவது பந்து கொஞ்சம் நீளம் தப்பியது, சென்னையின் ஜடேஜா நேராகத் தலைக்கு மேல் தூக்கி சிக்ஸ் ஆக்கினார். ஆறாவது காலுக்கு வந்தது. தட்டிவிட்டார், ஷார்ட் ஃபைன் லெக் தாண்டி நான்கு, கோப்பை சென்னைக்கு.

என் நோட்டில் அந்த ஓவர் இப்படி இருக்கிறது: புள்ளி, 1, 1, 1, 6, 4.

கடைசியாக, திருநெல்வேலியிலிருந்து: வினாடி வினாவுக்குக் கேட்கிறேன் சார். ஃபைனல் நடந்த தேதி எது?

28 என்றுதான் அச்சிட்டிருந்தது, அன்று டாஸ்கூடப் போடவில்லை. ரிசர்வ் நாளான 29 அன்று ஆட்டம் தொடங்கியது. ஜடேஜா ஓடி வந்தபோது 30-ஆம் தேதி பிறந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. வினாடி வினாவில் 29 என்று எழுதுங்கள். என் நோட்டில் 28-ஐ அடித்து 29 என்று எழுதி, பக்கத்தில் பென்சிலால் 30 போட்டிருக்கிறேன். மூன்றையும் அழிக்க மனசு வரவில்லை.