அப்பாவின் நாற்காலியை வெளியே போடுங்கள்

கேள்வி: எங்கள் லாப்ரடார் சீசருக்கு எட்டு வயது. இத்தனை நாள் சும்மா வீட்டு நாயாகவே இருந்துவிட்டது. போன மே மாதம் ஊட்டி நாய்க் கண்காட்சிக்குப் போயிருந்தோம். அங்கே கீழ்ப்படிதல் போட்டியைப் பார்த்ததிலிருந்து, அடுத்த வருஷம் சீசரையும் இறக்க வேண்டும் என்று என் மகள் ஒரே பிடிவாதம். இரண்டு மாதமாகப் பயிற்சியாளர் வைத்து, தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் வாசலில் பழக்குகிறோம். ‘சிட்’ என்றால் யோசித்து யோசித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருகிறது. ‘ஸ்டே’ என்றால் எழுந்து என் அப்பாவிடம் போய்விடுகிறது. அவர் வாசலில் நாற்காலி போட்டு டீ குடிப்பார். பிஸ்கட் கொடுத்துக் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறார். அவர் ‘இருடா’ என்றால் மட்டும் அசையாமல் நிற்கிறது, எங்களிடம்தான் திமிர். அதனால் பயிற்சி நேரத்தில் அவரை உள்ளே இருக்கச் சொல்லியிருக்கிறோம். எட்டு வயது நாய் இனிமேல் கற்றுக்கொள்ளுமா?
- வாசகர், கோவை

பதில்: கற்றுக்கொள்ளும். அந்தக் கேள்வி அத்தோடு முடிந்தது. போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதற்கு வருகிறேன். ஒரு நாயை உட்காரவைக்க, பெற்ற அப்பாவை நாற்காலியிலிருந்து எழுப்பி உள்ளே அனுப்பியிருக்கிறீர்கள். அதை எழுதும்போது கை கொஞ்சமாவது நின்றதா?

நாள் முழுக்க வீட்டுக்குள் இருக்கும் வயதானவருக்குச் சாயங்காலம் வாசலில் உட்காரும் அரை மணி நேரம் எவ்வளவு பெரியது என்று உங்களுக்கு இன்னும் இருபது வருஷம் கழித்துத் தெரியும். தெருவில் போகிறவர் நின்று இரண்டு வார்த்தை பேசுவது அப்போதுதான். அதைப் பிடுங்கிவிட்டீர்கள். கேட்டால், மகள் ஆசைப்பட்டாள் என்பீர்கள். நாய் உங்கள் பேச்சைக் கேட்கவில்லை என்று புகார் எழுதுகிறீர்கள். உங்கள் அப்பா நீங்கள் சொன்னதும் பேசாமல் எழுந்து போயிருக்கிறாரே, அது உங்களை உறுத்தவே இல்லையா?

சரி, நாய்க் கணக்கிலேயே பார்ப்போம். எச்சில் ஒழுக ஒழுக, டீயில் நனைத்த பிஸ்கட்டைப் பார்த்தபடி ஒரு லாப்ரடார் அசையாமல் நிற்கிறது. லாப்ரடாரின் சாப்பாட்டு ஆசை தெரிந்தவர்களுக்கு இது லேசான விஷயம் இல்லை என்று புரியும். ‘இருடா’ என்று ஒரே ஒரு சொல், அநேகமாகக் கூடவே ஒரு விரல், பொறுத்திருந்தால் கூலி. தினமும் அதே நேரம், அதே இடம். சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற உங்கள் பயிற்சியாளர் கற்றுக்கொடுக்கப் பார்ப்பதும் இதைத்தான். சீசருக்கு ‘ஸ்டே’ எப்போதோ தெரியும், அதன் பெயர் ‘இருடா’. இரண்டு மாதமாக நீங்கள் அதற்கு இங்கிலீஷ் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

நாய்க்கு எந்தப் பாஷையும் ஒன்றுதான். எங்கள் வீட்டில் வளர்ந்த ராஜபாளையத்துக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அந்த ஜாதியில் அது உண்டு. முழுக்கக் கைச்சைகையிலேயே பதிமூன்று வருஷம் வாழ்ந்தது, எங்கள் பாட்டி உள்ளங்கையைக் காட்டினால் அடுப்படி வாசலைத் தாண்டாது. சொல்லோடு சைகையையும் சேர்த்துப் பழக்குங்கள். வயதாக ஆகக் காது மந்தமானாலும் கை தெரியும்.

அப்புறம் அந்த ‘யோசித்து உட்காருவது’. அதைத் திமிர் என்று எழுதிவிட்டீர்கள். எட்டு வயது லாப்ரடார் என்றால் நம் கணக்கில் ஐம்பதைத் தாண்டிய ஆள். இந்த ஜாதிக்கு இடுப்பு மூட்டுத் தேய்மானம் சாதாரணம். ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தால் இடுப்போ முட்டியோ வலிப்பதாலும் இருக்கலாம். இன்னொரு ‘சிட்’ சொல்வதற்கு முன்னால் கால்நடை மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுங்கள். எடையும் பாருங்கள். இரண்டு கிலோ குறைந்தாலே மூட்டுக்குப் பெரிய ஆறுதல். வலி இருக்கிறது என்று மருத்துவர் சொன்னால் போட்டியை மறந்துவிடுங்கள், மகளிடம் நீங்களே சொல்லுங்கள். அவளும் கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

மருத்துவர் சரி என்றால், அரை மணி நேரத்தை விடுங்கள். காலையில் ஐந்து நிமிஷம், சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ஐந்து நிமிஷம் போதும். டைல்ஸ் தரையில் வேண்டாம், பின்னங்கால் வழுக்கும். மண் தரையோ விரிப்போ வேண்டும். தாண்டிக் குதிக்கும் பிரிவுகள் பக்கமே போகாதீர்கள். இடது காலை ஒட்டி நடப்பது, கூப்பிட்டால் வருவது, உட்கார், படு, இரு. ஆரம்பப் பிரிவுக்கு இவ்வளவு தேறினால் தாராளம். பதிவு, மைக்ரோசிப் சமாச்சாரமெல்லாம் போட்டி நடத்தும் கிளப்பிலேயே முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

போட்டி வளையத்துக்குள் பிஸ்கட் கொண்டுபோக முடியாது. ஒரு முறைதான் சொல்லலாம், இரண்டாம் முறை சொன்னால் மதிப்பெண் போகும். சுற்றிலும் கூட்டம், குரைப்பு, பொட்டை நாய் வாசனை, பஜ்ஜி வாசனை. வீட்டு வாசலில் ஒரு பெரியவர் டீ குடிப்பதையே தாங்காத நாய் அங்கே எப்படி நிற்கும்? பயிற்சிக்காகத்தான் அப்பாவை உள்ளே அனுப்பினேன் என்று நீங்கள் சொல்லவும் முடியாது, பயிற்சியாகவும் அது தப்பு. அவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே உங்கள் மகளின் காலடியில் சீசர் இருக்கப் பழக வேண்டும். முதலில் பத்து வினாடி. முடிந்ததும் பாதி பிஸ்கட், அதைத் தாத்தா கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். கொடுப்பதற்கு முன்னால் அவர் என்ன சொல்கிறார், விரலை எப்படிப் பிடிக்கிறார் என்று உங்கள் மகள் ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். நீங்களும் பாருங்கள், செல்போனை உள்ளே வைத்துவிட்டு.

இன்றைக்கே நாற்காலியை வெளியே போட்டு, டீயை நீங்களே எடுத்துக்கொண்டு போய்க் கொடுங்கள். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், அவர் கூச்சப்படுவார். ‘சீசரை எப்படிப்பா பழக்கினீங்க?’ என்று கேளுங்கள், போதும்.

ஊட்டிக்குப் போவதானால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வெளியிலிருந்து வீட்டு ஆட்கள் சைகை காட்டக் கூடாது என்று விதி இருப்பதைச் சொன்னால், அவரே தள்ளிப் போய்ப் பின்வரிசையில் உட்காருவார். மே மாதம் என்றாலும் அங்கே காலையில் குளிரும். ஸ்வெட்டர் எடுத்து வையுங்கள்.