கேள்வி நேரம்: முதல் வீடு, வட்டி மானியம்

கேள்வி: குன்னூர் நகராட்சிக்குள் 25 லட்சத்துக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறோம். இதுதான் முதல் வீடு. ஆண்டு வருமானம் 6 லட்சம். நகராட்சியில் கடன் உதவி கிடைக்குமா?

பதில்: நகராட்சி கடன் தராது. கடன் வங்கியில்தான், அதற்கு வட்டி மானியம் தருவது பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம் 2.0. ஆண்டு வருமானம் 9 லட்சம், வீட்டின் மதிப்பு 35 லட்சம், கடன் 25 லட்சம் ஆகியவை உச்சவரம்பு. குடும்பத்தில் யார் பெயரிலும் நாட்டில் எங்கும் நிரந்தரக் கட்டுமான (பக்கா) வீடு இருக்கக் கூடாது. முதல் 8 லட்சம் கடனுக்கு 4 சதவீத வட்டி மானியம், அதிகபட்சம் 1.80 லட்சம், ஐந்து ஆண்டுத் தவணைகளில் கடன் கணக்கில் வரவாகும். அவசரப்பட்டு அசலில் பாதிக்கு மேல் கட்டிவிட்டால் மீதித் தவணைகள் நின்றுவிடும்.

மானியத்தைவிடக் கைப்பணம்தான் பலரை மடக்குகிறது. வங்கி 90 சதவீதம் வரைதான் தரும். உங்கள் பங்கு 2.5 லட்சம். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் சேர்த்து 9 சதவீதம், அதாவது 2.25 லட்சம் தனி. ஆக 4.75 லட்சம் கையில் வேண்டும்.

முன்பணம் கொடுக்குமுன் 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, அனுமதி பெற்ற வரைபடம் மூன்றையும் வாங்கிப் பாருங்கள். நீலகிரியில் கட்டட உயரம் 7 மீட்டர்தான். அனுமதியில்லாத மாடி இருந்தால் கடன் அங்கேயே நின்றுவிடும். கூடலூர்ப் பக்கம் தேடுபவர்கள் கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 'பிரிவு 17'-இல் வரும் நிலமா என்று முதலில் கேளுங்கள். அதற்குப் பட்டா கிடையாது.