முதல்முறை பூத் ஏஜெண்டா? 17சி நகலை விடாதீர்கள்

வணக்கம். ஊரில் ஓட்டு மெஷின் மேல் சந்தேகமாகப் பேசுகிறார்கள், முதல்முறை பூத் ஏஜெண்டாக உட்காரும் நான் எதைக் கவனிப்பது என்று கேட்டிருந்தீர்கள்.

வாக்குப்பதிவுக்கு 90 நிமிடம் முன்பே போய்விடுங்கள். மாதிரி வாக்குப்பதிவில் குறைந்தது 50 ஓட்டு போடுவார்கள். விவிபேட் (போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சடித்துக் காட்டும் கருவி) சீட்டுகளோடு ஒப்பிட்டு எண்ணுங்கள். அந்த ஓட்டுகளை அழித்து, சீட்டுகளை வெளியே எடுத்த பிறகுதான் சீல் வைக்கவேண்டும். இதைக் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மாலையில் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் சரி, 17சி படிவத்தின் நகலை வாங்காமல் கிளம்பவே கூடாது. பதிவான மொத்த ஓட்டு, மெஷின் எண், சீல் எண் எல்லாம் அதில் இருக்கும். எண்ணிக்கை மேசையில் உட்காரும் உங்கள் ஆளிடம் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். அவர் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் ஆதாரம். ஊரில் சந்தேகப்படுபவர்களுக்கும் அதையே காட்டுங்கள்.