மிளகாயில் இரண்டு வைரஸ்கள்: ஒரே மருந்து போதுமா?

கேள்வி: மிளகாய்ச் செடிகள் இலை சுருண்டு குட்டையாக நிற்கின்றன. பரிசோதனைக்கு அனுப்பியதில் ஒரு மாதிரியில் பெகோமோ வைரஸ், இன்னொன்றில் வெள்ளரி மொசைக் வைரஸ் என்று வந்தது. நான் வெள்ளரியே போடவில்லை. அறிக்கை சரிதானா? இரண்டுக்கும் ஒரே மருந்து அடிக்கலாமா?

பதில்: பெயரை வைத்து அறிக்கையைச் சந்தேகப்படாதீர்கள். முதலில் எந்தப் பயிரில் கண்டார்களோ, அந்தப் பயிரின் பெயர்தான் பெரும்பாலும் வைரஸுக்கு ஒட்டிக்கொள்ளும். வெள்ளரி மொசைக் வைரஸ் 1,000-க்கும் மேற்பட்ட செடி இனங்களைத் தாக்கக்கூடியது. மிளகாய், தக்காளி, வாழை மட்டுமல்ல, வரப்புக் களைகளிலும் இருக்கும்.

நீங்கள் பார்க்க வேண்டியது அது எந்த வகையைச் சேர்ந்தது என்பதை. வகை தெரிந்தால் பரவும் வழி தெரிந்துவிடும். பெகோமோ என்பது ஒரே வைரஸ் அல்ல, ஒரு பேரினம், அதாவது நெருங்கிய உறவுள்ள பல வைரஸ்களின் கூட்டம். அதில் உள்ளவற்றைப் பரப்புவது வெள்ளை ஈ. சாற்றோடு உள்ளே போன வைரஸ் ஈயின் உடலுக்குள் சுற்றி, உமிழ்நீருக்கு வந்த பிறகே அடுத்த செடிக்குப் போகும். அதற்குச் சில மணி நேரம் ஆகும். அதனால் வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்துவதில் பலன் உண்டு. நாற்றங்காலுக்கு நுண்வலை போடுவது இன்னும் நல்லது, ஏனென்றால் இளம் வயதில் தொற்றினால்தான் இழப்பு அதிகம்.

வெள்ளரி மொசைக் கதை வேறு. அதைப் பரப்புவது அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சி. வைரஸ் அதன் வாய் ஊசியிலேயே ஒட்டிக்கொள்வதால், சில நொடிகள் குத்திப் பார்த்தாலே போதும், அடுத்த செடிக்குக் கடத்திவிடும். மருந்து பட்டு அசுவினி சாவதற்குள் வைரஸ் செடிக்குள் போய்விடும். இதற்காகப் பூச்சிமருந்தில் பணத்தைக் கொட்டுவது எனக்குச் சம்மதமில்லை. களைகளை எடுங்கள், நோய் கண்ட செடியை ஆரம்பத்திலேயே பிடுங்கி அழியுங்கள், அடுத்த பட்டத்தில் வெள்ளி நிற நிலப்போர்வை (செடியடி மண்ணை மூடும் தாள்) போடுங்கள். செடிக்குள் புகுந்த வைரஸைக் கொல்லும் மருந்து எதுவும் இல்லை.

அப்புறம், சுருண்ட இலையெல்லாம் வைரஸ் அல்ல. இலைப்பேன் தாக்கினால் இலை மேல்நோக்கிச் சுருளும், மஞ்சள் சிலந்தி தாக்கினால் கீழ்நோக்கிச் சுருண்டு காம்பு நீளும். இலையின் அடிப்பக்கத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். இனி மாதிரி எடுத்தால் காய்ந்த இலை வேண்டாம். அறிகுறி தெரியும் இளந்தளிரை, வயலின் நாலைந்து இடங்களிலிருந்து தனித்தனியாக எடுத்து அனுப்புங்கள்.