ரோப்ளாக்ஸ் முதல் மெட்டாவெர்ஸ் மனை வரை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

மெய்நிகர் உலகங்கள், அதாவது கணினியிலும் போனிலும் பலர் சேர்ந்து உலவும் உலகங்கள் பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பெற்றோர் எழுதியவை. அதனால் அவர்களிடமிருந்தே தொடங்குகிறேன்.

மகளுக்குப் பத்து வயது. ரோப்ளாக்ஸ் என்ற ஆன்லைன் விளையாட்டுத் தளத்தில் யாரோ ஒரு ‘அண்ணா’ இலவசமாக ரோபக்ஸ் (அந்தத் தளத்தில் செலவழிக்கும் பணம்) தருவதாகச் சொல்லி, வேறு ஆப்பில் பேச வரச் சொன்னானாம். அவளே வந்து சொன்னாள். விளையாட்டையே நிறுத்திவிடவா? (ஒரு அம்மா, ஈரோடு)

அவளே வந்து சொன்னாள் என்பதுதான் இதில் மிகப் பெரிய விஷயம். இப்போது கோபப்பட்டு டேப்லெட்டைப் பிடுங்கினால் அடுத்த முறை சொல்லமாட்டாள், அந்த ‘அண்ணா’ எதிர்பார்ப்பதும் அதைத்தான். முதலில் பரிசு, அப்புறம் “இங்கே வேண்டாம், அங்கே பேசலாம்” என்பது பிள்ளைகளைக் குறிவைப்பவர்கள் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வழி. ரோப்ளாக்ஸ் சாட்டில் வடிகட்டி இருக்கிறது, படம் அனுப்பவும் முடியாது, அதனால்தான் வெளியே இழுக்கப் பார்க்கிறார்கள்.

உரையாடலையும் அந்தப் பயனர் பெயரையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அதன் பிறகு புகார் செய்து பிளாக் செய்யுங்கள். அவன் படம் கேட்டிருந்தாலோ மிரட்டியிருந்தாலோ தயங்காமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள், மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள். உங்கள் கணக்கை அவள் கணக்கோடு இணைத்தால் சாட் வசதியையும் மாதச் செலவையும் நீங்களே கட்டுப்படுத்தலாம். விளையாட்டை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் பத்து வயதுக் குழந்தைக்கு முன்பின் தெரியாதவரோடு சாட் எதற்கு? அதை மூடிவிடுங்கள், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

தம்பிக்கு 24 வயது, வேலை தேடுகிறான். இரவெல்லாம் ஆன்லைன் விளையாட்டு. நண்பர்கள் எல்லாரும் அங்கேதான் என்கிறான். முகம் பார்க்காதது எல்லாம் நட்பா? (திருநெல்வேலி)

நட்புதான். நார்வேயைச் சேர்ந்த மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞரைப் பற்றிச் சொல்கிறேன். டுஷேன் என்ற தசைச்சிதைவு நோயால் உடலை அசைப்பதே கடினமாகி, பெரும்பாலான நேரத்தை ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற ஆன்லைன் விளையாட்டில் கழித்தார், அங்கே அவர் பெயர் இபெலின். மகன் தனிமையிலேயே வாழ்ந்து முடித்துவிட்டான் என்றுதான் பெற்றோர் நினைத்திருந்தார்கள். 2014-ல், 25 வயதில் அவர் இறந்த செய்தியை அவருடைய வலைப்பதிவில் போட்ட பிறகு, எங்கெங்கிருந்தோ மின்னஞ்சல்கள் குவிந்தன. தங்கள் கஷ்டங்களை அவர் பொறுமையாகக் கேட்டதை, தங்கள் வாழ்க்கையில் அவர் ஏற்படுத்திய மாற்றத்தை ஒவ்வொருவரும் எழுதியிருந்தார்கள், சிலர் வேறு நாடுகளிலிருந்து இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். அவர்களில் யாரிடமாவது போய் இது நட்பில்லை என்று சொல்ல முடியுமா?

ஆனால் உங்கள் தம்பி விஷயத்தில் கவலை நண்பர்களைப் பற்றி இல்லை, இரவைப் பற்றி. உலக சுகாதார நிறுவனம் விளையாட்டுக் கோளாறை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது, அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் மணிக்கணக்கு எதுவும் இல்லை. கட்டுப்பாடு கைவிட்டுப் போவது, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டு வந்து நிற்பது, பாதிப்பு தெரிந்த பின்னும் நிறுத்த முடியாதது, இவை வழக்கமாக 12 மாதங்களாவது நீடிப்பது. இப்படிப் பார்த்துத்தான் மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள். நேர்முகத் தேர்வு அன்று எழுந்து போகிறானா, சாப்பிட்டுத் தூங்குகிறானா என்று கவனியுங்கள். இல்லையென்றால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே ‘ஷட்’ கிளினிக்கும் இருக்கிறது.

மெட்டாவெர்ஸ் என்கிற மெய்நிகர் உலகில் மனை வாங்கினால் பத்து வருடத்தில் விலை ஏறும் என்கிறார் நண்பர். வாங்கலாமா? (கோவை)

வேண்டாம். ஊரில் நிலத்துக்கு விலை ஏறுவது அதைப் புதிதாக உண்டாக்க முடியாது என்பதால். மெய்நிகர் உலகில் ஒரு நிறுவனம் தன் மனைகளுக்கு உச்சவரம்பு வைத்தாலும், பக்கத்தில் இன்னொரு நிறுவனம் புது உலகமே திறப்பதை யார் தடுப்பது? 2021 நவம்பரில் டீசென்ட்ராலேண்ட் என்ற மெய்நிகர் உலகில் ஒரு மனைத் தொகுப்பு சுமார் 24 லட்சம் டாலருக்கு விற்றது, அந்த அலை அடங்கியதும் விலைகள் சரிந்தன. மைக்ரோசாஃப்ட் கையில் இருந்த ஆல்ட்ஸ்பேஸ் என்ற உலகம் 2023 மார்ச்சில் மூடப்பட்டே போனது. ‘செகண்ட் லைஃப்’ என்ற இன்னொரு மெய்நிகர் உலகில் அதிக வட்டி தருவதாகச் சொன்ன கிங்கோ என்ற ‘வங்கி’ 2007-ல் கவிழ்ந்து, போட்டவர்களின் பணம் போயிற்று. சீட்டுக் கம்பெனிகளைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டுமா?

பத்தாவது படிக்கும் மகன் ரோப்ளாக்ஸில் சொந்தமாக விளையாட்டு உருவாக்குகிறான். சம்பாதிக்கலாம் என்கிறான். நேரம் வீணா? (சேலம்)

வீணே இல்லை, மெய்நிகர் உலகங்களால் கிடைக்கும் நன்மைகளில் நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். லுவாவ் என்ற கணினி மொழியில் நிரல் எழுதுகிறான், வரைகிறான், விளையாட வருபவர்களுக்கு எது பிடிக்கவில்லை என்று பார்த்துத் திருத்துகிறான். இதை எந்த டியூஷனிலும் இவ்வளவு ஆர்வமாகச் செய்யமாட்டான்.

பணக் கணக்கை மட்டும் அவனோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். ஒருவர் ரோபக்ஸ் வாங்கி அவன் விளையாட்டில் செலவழித்தால், நிறுவனத்தின் பங்கும், வாங்கும் விலைக்கும் பணமாக மாற்றும் விலைக்கும் உள்ள வித்தியாசமும் போக, அவன் கைக்கு வருவது சுமார் கால்பங்குதான். அதுவும் சம்பாதித்தது 30,000 ரோபக்ஸைத் தொட்ட பிறகுதான் மாற்ற முடியும். பெரும்பாலானோர் அந்த எல்லைக்கே வருவதில்லை. அதற்காக, விளம்பரத்துக்கு என்று உங்கள் அட்டையிலிருந்து பணம் போட ஆரம்பிக்க வேண்டாம்.

நாங்கள் டொராண்டோவில். ஊரில் நடக்கும் தங்கை கல்யாணத்துக்குப் போக முடியவில்லை. வி.ஆரில் (மெய்நிகர் உலகில்) வரவேற்பு வைத்தால் பாட்டியும் கலந்துகொள்வாரா?

தாராளமாக வைக்கலாம். 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு ஜோடி கிராமத்தில் தாலி கட்டிவிட்டு, வரவேற்பை மெட்டாவெர்ஸில் வைத்தார்கள். மறைந்துபோன மணமகளின் அப்பாவும் அங்கே அவதாராக, அதாவது அவர் சாயலில் செய்த கணினி உருவமாக வந்து நின்றார். சிலருக்கு அது ஆறுதல், சிலரைக் கலங்கடித்துவிடும். அப்படி ஏதாவது நினைத்திருந்தால் தங்கையிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பாட்டிக்கு, கண்ணை மூடி மாட்டும் வி.ஆர் ஹெட்செட் வேண்டாம். கண் நகர்வதாகச் சொல்லும், உள்காது உட்கார்ந்திருப்பதாகச் சொல்லும், அந்த முரண்பாட்டில்தான் பலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வருகின்றன. போனிலும் பிரவுசரிலும் திறக்கும் தளமாகப் பாருங்கள், இரண்டு நாள் முன்னதாக ஒரு முறை எல்லாரையும் உள்ளே வரவைத்து ஒத்திகை பாருங்கள், பாட்டி பக்கத்தில் போன் பழகிய ஒரு பேத்தியை உட்கார வையுங்கள்.