கூட்டுவது செம்பு, கூடாதது எது?

கேள்வி: மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். 18 கிராம் 22 கரட் தங்கத்தை 18 கரட்டாக்க எவ்வளவு செம்பு சேர்க்க வேண்டும் என்ற மாதிரிக் கணக்கைக் கண்டாலே பேனையை வைத்துவிடுகிறாள். என்ன செய்வது?
- ஒரு தாய், மாங்குளம்

பதில்: அம்மா, சூத்திரத்தைத் தூக்கி ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். செம்பைச் சேர்க்கும்போது மாறாதது எது? தங்கம். 22 கரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு சுத்தத் தங்கம், ஆகவே 18 கிராமில் இருப்பது 16.5 கிராம், இதே 16.5 கிராம்தான் புதிய கலவையில் நாலில் மூன்று பங்காக (18/24) இருக்க வேண்டும், அப்படியானால் மொத்தம் 22 கிராம். சேர்க்க வேண்டிய செம்பு 4 கிராம். அவ்வளவுதான்.

பிள்ளைகள் வழுக்கி விழுவது இதைத் திருப்பிக் கேட்கும்போதுதான். 18 கிராம் 18 கரட்டைச் சுத்தத் தங்கம் சேர்த்து 22 கரட்டாக்கு என்றால், இப்போது மாறாதது செம்பு: 4.5 கிராம். 22 கரட்டில் செம்பு பன்னிரண்டில் ஒரு பங்குதானே, ஆக மொத்தம் 54 கிராம். சேர்க்க வேண்டிய தங்கம் 36 கிராம்! நாலரைப் பவுன், இன்றைய விலையில் கொப்பியில் மட்டும்தான் சேர்க்கலாம்.